வாடகை நீதிமன்றத்தில் ஒருதலைப்பட்ச உத்தரவு: குடியிருப்பவர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும்?

மதுரை மாநகராட்சி எல்லைக்குள் வசிக்கும் ஒரு வாசகியின் நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். அவர் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

கணவரை இழந்த இவர், 2011 முதல் ஒரு வீட்டின் முன்னறையில் தையல் கடை நடத்திக்கொண்டு, பின்பகுதியில் தன் மகனுடன் குடியிருந்துவருகிறார். மாத வாடகை 9,000 ரூபாய். முன்பணம் 1,00,000 ரூபாய். 2016-இல் 20 ரூபாய் முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தம் ஒன்று எழுதினார்கள். அதன்பின் அது புதுப்பிக்கப்படவும் இல்லை, எங்கும் பதிவு செய்யப்படவும் இல்லை. வீட்டுக்காரர் 2021-இல் காலமானார். அதிலிருந்து அவருடைய மூத்த மகன் வாடகையைக் கையில் வாங்கிவந்தார். ரசீது கொடுக்கும் வழக்கம் இல்லை. பிறகு வாடகையை 16,000 ரூபாயாக உயர்த்தும்படி அவர் கேட்க, இவர் மறுக்க, பழைய வாடகையை வாங்குவதையே அவர் நிறுத்திவிட்டார். நான்கு மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பக்கத்துக் கடைக்காரர் சொன்ன யோசனைப்படி இவர் அதை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டு, தெரிந்தவர் ஒருவர் மூலம் முன்சீப் நீதிமன்றத்தில் உறுத்துக் கட்டளை (இன்ஜங்ஷன்) வழக்கு ஒன்றைத் தாக்கல் செய்தார். ‘வாடகை பாக்கியின்றிச் செலுத்தப்பட்டுள்ளது’ என்று எழுதப்பட்ட அந்த வழக்கில், நோட்டீஸ் வந்ததைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ‘சட்டப்படியான நடைமுறையின்றி வெளியேற்றக் கூடாது’ என்று இடைக்கால உத்தரவும் கிடைத்தது. அதற்குப் பிறகு வாடகை நீதிமன்றத்திலிருந்து வந்த சம்மனை 19 வயதான மகன் கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறார். முன்சீப் கோர்ட்டு உத்தரவு கையில் இருக்கும்போது இன்னொரு கோர்ட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று இவர் போகவில்லை. உத்தரவைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுவின் நோட்டீஸோடு நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து நின்றபோதுதான், வெளியேற்ற உத்தரவு பிறப்பிக்கப்பட்டு 43 நாட்கள் ஆகிவிட்டன என்பது தெரிந்திருக்கிறது. கடிதம் எழுதிய அன்று அது 52 நாட்கள். நிறைவேற்று மனுவின் அடுத்த வாய்தாவுக்கு மூன்று வாரங்கள் இருக்கின்றன.

இவர் கேட்பவை: முன்சீப் நீதிமன்ற உத்தரவு இருக்கும்போது வாடகை நீதிமன்ற உத்தரவு செல்லுமா? பதினொரு மாத பாக்கியான 99,000 ரூபாயை முன்பணத்திலேயே கழித்துக்கொள்ளலாமே, பிறகு பாக்கி எங்கே இருக்கிறது? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் குடியிருப்பவருக்கு உரிமை வந்துவிடாதா? தன் பெயரில் பத்திரம் இல்லாத வீட்டுக்காரரின் மகன் எப்படி வழக்குப் போட முடியும்? நேராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சென்று ஸ்டே வாங்க முடியுமா? ‘சம்மன் வரவே இல்லை’ என்று சொல்லச் சிலரும், ‘கடையைத் தங்கை நடத்துகிறாள் என்று அவள் பெயரில் ஒரு மனு போடு’ என்று வேறு சிலரும் சொல்கிறார்களே, செய்யலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இன்று வீட்டை இழந்துவிடவில்லை. ஆனால் இதுவரை உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பில் பெரும்பகுதி, வீட்டுக்காரர் தரப்பின் வாதம் வலுவாக இருந்ததால் வந்ததல்ல. உங்கள் தரப்பு எந்த நீதிமன்றத்தின் காதிலும் முழுமையாக விழாமலே போனதால் வந்தது. வாடகை வழக்குகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நியாயம் உள்ளவர்கள்கூட ஒரு தபாலை வாங்காமல், ஒரு வாய்தாவுக்குப் போகாமல், ஒரு தொகையைக் கட்டிவைக்காமல் தோற்றுப்போகிறார்கள். ஆகவே உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுத்துக்கொள்ளாமல், எது அவசரமோ அந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் எந்தக் கதவு?

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதன் இடத்தில், சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் ஆண்டின் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று மூன்று அடுக்குகளை அது உண்டாக்கியது. அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட விஷயங்களில் சாதாரண சிவில் நீதிமன்றங்கள் வழக்கை விசாரிக்க முடியாது என்று அதன் 40-ஆம் பிரிவு தடுக்கிறது. வெளியேற்றம் அதற்குள் அடங்கும் விஷயம்தான். வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு செல்லாது என்று அறிவிக்கும்படி முன்சீப் நீதிமன்றத்தைக் கேட்டு இன்னொரு மனு போடுவது, பணத்தையும் நாட்களையும் வீணாக்கும் வழியாகவே முடியும்.

நீங்கள் பெற்ற இடைக்கால உத்தரவின் வாசகத்தை மறுபடி படித்துப் பாருங்கள். சட்டப்படியான நடைமுறை இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்றுதான் அது சொல்கிறது. ஆள் வைத்துப் பூட்டுப் போடுவதிலிருந்தும், சாமான்களைத் தெருவில் எறிவதிலிருந்தும் அது உங்களைக் காக்கும். வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு, உத்தரவு வாங்கி, அமீனா மூலம் நிறைவேற்றுவது என்பதே சட்டப்படியான நடைமுறை. ஆகவே இரு உத்தரவுகளுக்கும் இடையே முரண்பாடே இல்லை. ‘இன்ஜங்ஷன் இருக்கிறது, யாரும் தொட முடியாது’ என்று உங்களிடம் சொன்னவர் உங்களுக்குப் பெரிய தீங்கு செய்துவிட்டார்.

உயர் நீதிமன்றத்துக்கு நேராகப் போவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசியல் சாசனத்தின் 227-ஆவது பிரிவின்படி, கீழே உள்ள நீதிமன்றங்களையும் தீர்ப்பாயங்களையும் மேற்பார்வையிடும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு; வாடகைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளை எதிர்த்துச் சீராய்வு மனுக்கள் அந்தப் பிரிவின் கீழ்தான் போகின்றன. ஆனால் சட்டமே ஒரு மேல்முறையீட்டையும், ஒரு தரப்பு ஆஜராகாதபோது பிறப்பிக்கப்பட்ட ஒருதலைப்பட்ச உத்தரவை நீக்கக் கேட்கும் வழியையும் கொடுத்திருக்கும்போது, அவற்றைத் தாண்டி வருபவரை ‘முதலில் அங்கே போய் வாருங்கள்’ என்று திருப்பி அனுப்புவதே வழக்கம். அந்தப் பதிலைப் பெறுவதற்குள் உங்களிடம் இருக்கும் மூன்று வாரங்களும் கரைந்துவிடும். கடைசியாகப் போக வேண்டிய இடத்தை முதலில் தொடாதீர்கள்.

உங்களுக்குரிய கதவு, உத்தரவு பிறப்பித்த அதே வாடகை நீதிமன்றம்தான். நீங்கள் ஆஜராகாத நிலையில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவை நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அங்கே மூன்று மனுக்கள் ஒன்றாகப் போக வேண்டும்: ஒருதலைப்பட்ச உத்தரவை நீக்கக் கோரும் மனு, அதைத் தாக்கல் செய்வதில் ஏற்பட்ட தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனு, இவை முடியும்வரை நிறைவேற்று நடவடிக்கைகளை நிறுத்திவைக்கக் கோரும் மனு. மூன்றாவது மனுவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நீக்கல் மனுவோ மேல்முறையீடோ தாக்கலாகிவிட்டது என்பதால் மட்டும் நிறைவேற்றம் தானாக நின்றுவிடாது. தனியாகத் தடையாணை கேட்டு, அது கிடைத்திருக்க வேண்டும். கிடைத்த உத்தரவின் நகல் நிறைவேற்று மனுவின் கோப்புக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

நிறைவேற்று மனுவின் வாய்தாவுக்கும் தவறாமல் ஆஜராகுங்கள். ஆனால் அங்கே நின்று ‘நான் பாக்கி வைக்கவில்லை, பதின்மூன்று வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன்’ என்று வாதாடாதீர்கள். உத்தரவை நிறைவேற்றும் நிலையில் இருக்கும் நீதிமன்றம் அந்த உத்தரவு சரியா தவறா என்ற கேள்விக்குள் போகாது என்பது நெடுங்காலமாக நிலைபெற்ற கொள்கை. நீக்கல் மனு தாக்கலாகியிருக்கிறது, தடையாணை கேட்கப்பட்டிருக்கிறது, அதுவரை அவகாசம் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும்.

52 நாட்கள் என்ற கணக்கு

சிவில் வழக்குகளில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கேட்பதற்குக் காலவரையறைச் சட்டம் தரும் நேரம் 30 நாட்கள். சம்மன் முறையாகச் சேராதிருந்தால் மட்டுமே, தீர்ப்பைப் பற்றி அறிந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு தொடங்கும். வாடகை நீதிமன்றத்திலும் இதே 30 நாட்களை மனத்தில் வைத்துச் செயல்படுவதே பாதுகாப்பு. உங்கள் நண்பர்கள் ‘சம்மன் வரவே இல்லை என்று சொல்’ என்பதன் காரணமும் இதுதான். அப்படிச் சொன்னால் அமீனா வந்த நாளிலிருந்து கணக்கைத் தொடங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்களோடு ஒரே வீட்டில் வசிக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினரிடம் சம்மனைக் கொடுத்துச் சேர்ப்பிப்பதைச் சட்டம் ஏற்கிறது. உங்கள் மகனுக்கு வயது 19; அவருடைய கையெழுத்து நீதிமன்றக் கோப்பில் இருக்கிறது. பிரமாணப் பத்திரத்தில் நீங்கள் எழுதும் முதல் வரியே பொய் என்பதை எதிர்த்தரப்பு ஒரே தாளைக் காட்டி நிரூபித்துவிட்டால், அதற்குப் பின் வரும் உங்கள் உண்மைகளை யாரும் நம்பமாட்டார்கள். பொய்யான பிரமாணப் பத்திரம் தனிக் குற்றமும் ஆகும்.

உண்மையைச் சொன்னால் நிலைமை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை. உத்தரவு நாளிலிருந்து கணக்கிட்டாலும், நீங்கள் கடிதம் எழுதிய அன்று தாமதம் 22 நாட்கள்தான். மகன் சம்மனை வாங்கினார். முன்சீப் நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கே எல்லாவற்றுக்கும் போதும் என்று எனக்குச் சொல்லப்பட்டது, நான் அதை நம்பினேன். இன்ன தேதியில் நிறைவேற்று நோட்டீஸ் வந்தபோது உத்தரவைப் பற்றி அறிந்தேன். அதிலிருந்து இன்னின்ன நாட்களில் இன்னின்னது செய்தேன் என்று தேதி வாரியாக எழுதுங்கள். தவறான ஆலோசனையை நம்பிய கட்சிக்காரரை வாசலிலேயே தண்டித்துவிடக் கூடாது என்ற பார்வை நீதிமன்றங்களில் உண்டு. 1981-இல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில், வழக்கறிஞரின் தவறுக்காகக் கட்சிக்காரர் பாதிக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே சமயம், தன் வழக்கைப் பற்றி விசாரிக்கக்கூடச் செய்யாதவருக்கு அந்தப் பரிவு எப்போதும் கிடைக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. அமீனா வந்தது தெரிந்த பின் கழிந்த ஒவ்வொரு நாளுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்த வாரமே மனு உள்ளே போக வேண்டும் என்கிறேன்.

வாடகைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யவும் 30 நாட்களே காலம். சான்றளிக்கப்பட்ட நகலைப் பெற ஆகும் நாட்கள் பொதுவாகக் காலக்கெடுவில் கழிக்கப்படும் என்றாலும், நீங்கள் இன்னும் நகல் மனுவே போடவில்லை என்பதால் அந்தச் சலுகை இப்போதைக்கு உங்களுக்கு உதவாது. ஆகவே உங்கள் முதல் வேலை நகல் மனு போடுவது. இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி, ஒருதலைப்பட்சத் தீர்ப்பை எதிர்த்த மேல்முறையீடு முடிவாகிவிட்டால், திரும்பப் பெறப்பட்ட நிலையைத் தவிர, அதே தீர்ப்பை நீக்கக் கோரும் மனு நிற்காது. உங்கள் குறை உத்தரவின் சட்ட நுணுக்கத்தில் இல்லை, உங்கள் தரப்பு கேட்கப்படவில்லை என்பதில் இருக்கிறது. அதற்குப் பொருத்தமானது நீக்கல் மனுதான்.

இன்னொன்று. வாடகை நீதிமன்றம் பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களையும் ஆவணங்களையும் வைத்தே விசாரித்து விரைவாக முடிவெடுக்கும் அமைப்பு. ஆகவே, நீக்கிய பிறகு பதிலுரை போட்டுக்கொள்ளலாம் என்று காத்திராமல், வெளியேற்ற மனுவுக்கான உங்கள் பதிலுரையையும் ஆவணங்களையும் நீக்கல் மனுவோடு சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். சொல்வதற்கு உங்களிடம் உண்மையிலேயே ஏதோ இருக்கிறது என்பதை நீதிபதி அப்போதுதான் பார்ப்பார்.

முன்பணமும் பாக்கியும்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இந்தப் பகுதிதான். முன்பணம் ஒரு லட்சம், பாக்கி 99,000, ஆகவே நான் யாருக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை என்கிறீர்கள். கணக்கு சரியாகத் தோன்றும். ஆனால் முன்பணம் என்பது வீட்டைக் காலி செய்யும்போது தீர்க்கப்பட வேண்டிய காப்புத் தொகை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலன்றி, மாதாமாதம் தர வேண்டிய வாடகைக்கு அது தானாக ஈடாகிவிடாது. பழைய சட்டம் இருந்த காலத்தில், வீட்டுக்காரர் கையில் அளவுக்கு மிஞ்சிய முன்பணம் இருந்தால் வாடகைதாரர் தவணை தவறியவர் ஆகமாட்டார் என்ற தீர்ப்புகள் வந்ததுண்டு. அந்த நினைவில்தான் உங்களுக்கு யாரோ இதைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாதத்தை நம்பி இன்று வெறுங்கையோடு நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள்.

புதிய சட்டத்தின் 21-ஆம் பிரிவில், வெளியேற்றத்துக்கான காரணங்களில் ஒன்று இரண்டு மாத வாடகை பாக்கி. அதிலும் ஒரு கருணை வைக்கப்பட்டிருக்கிறது: பாக்கி கேட்டு நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் வட்டியோடு செலுத்திவிட்டால் அந்தக் காரணம் விழுந்துவிடும். நீங்கள் வாங்காமல் திருப்பி அனுப்பிய அந்தப் பதிவுத் தபால்தான் உங்களுக்கு அந்த ஒரு மாதத்தைத் தந்த கடிதம். சரியான முகவரிக்கு அனுப்பிய பதிவுத் தபாலை ஒருவர் வாங்க மறுத்தால், அது அவருக்குச் சேர்ந்ததாகவே சட்டம் கொள்ளும். நோட்டீஸை வாங்காமல் இருந்தால் வழக்கு போட முடியாது என்ற நம்பிக்கை நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. அதனால் நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போவதைத் தவிர வேறு பலன் எதுவும் இல்லை.

வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தார் என்கிறீர்கள், நான் நம்புகிறேன். ஆனால் வாங்க மறுத்ததற்குத் தடயம் வேண்டும். வங்கி வழியாகவோ மணியார்டராகவோ அனுப்பி, அது திரும்பிவந்தால் வாடகை அதிகாரியிடம் கட்டிவைக்கும் வழியை இந்தச் சட்டமே தந்திருக்கிறது. அதைச் செய்யாதபோது, வாங்க மறுத்தவருக்கும் கொடுக்காமல் இருந்தவருக்கும் இடையே கோப்பில் வேறுபாடு தெரிவதில்லை.

இப்போதும் செய்யக்கூடியது உண்டு. 99,000 ரூபாயையும் நீதிமன்ற அனுமதியுடன் கட்டிவைக்கத் தயார் என்று மனுவிலேயே எழுதுங்கள். முடிந்தால் வங்கி வரைவோலையைக் கையில் வைத்துக்கொண்டே ஆஜராகுங்கள். அடுத்த மாதத்திலிருந்து 9,000 ரூபாயைத் தேதி தவறாமல் செலுத்துங்கள். 16,000 என்பது நீங்கள் ஒப்புக்கொள்ளாத தொகை. அதைச் செலுத்த வேண்டியதில்லை, ஆனால் ஒப்புக்கொண்ட வாடகையை நிறுத்திவைக்க அந்தத் தகராறு காரணமாகாது. இவ்வளவு பணத்தை ஒரேயடியாகப் புரட்டுவது உங்கள் நிலையில் எவ்வளவு கடினம் என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும், நகையை அடகு வைத்து எதற்காவது செலவு செய்வதென்றால், புதிய வழக்குகளுக்கு அல்ல, இதற்குச் செய்யுங்கள்.

பெரும்பாலும் நீதிமன்றம் நிபந்தனையோடுதான் தடையாணை தரும்: இன்ன தேதிக்குள் இவ்வளவு கட்ட வேண்டும், தவறினால் மனு தானாகத் தள்ளுபடியாகும் என்று. அந்தத் தேதி ஒரு நாள் தப்பினாலும் எல்லாம் போய்விடும். பணம் திரளவில்லை என்றால் கெடு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேட்டு மனு போட வேண்டும். முடிந்த பின் கேட்பது மிகக் கடினம்.

செய்யக் கூடாத வாதங்கள்

பன்னிரண்டு ஆண்டு குடியிருந்தால் உரிமை வந்துவிடும் என்பது, பிறருடைய நிலத்தை உரிமையாளருக்கு எதிராக, அவர் உரிமையை மறுத்து வெளிப்படையாக அனுபவித்தவரைப் பற்றிய விதி. வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர். பன்னிரண்டு ஆண்டு என்ன, முப்பது ஆண்டு ஆனாலும் அவர் வாடகைதாரர்தான். முன்புறம் நீங்கள் போட்ட தகரக் கூரைக்காகப் பழைய நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தைச் சிலர் உங்களுக்கு நினைவுபடுத்தியிருக்கிறார்கள். அது காலி மனையை வாடகைக்கு எடுத்துத் தாமே கட்டடம் எழுப்பியவர்களுக்கானது, உங்களுக்குப் பொருந்தாது.

வீட்டுக்காரரின் மகனுக்குப் பத்திரம் இல்லை என்ற வாதமும் அப்படித்தான். அவருடைய தந்தையிடம் வாடகைக்கு வந்த நீங்கள், அவருக்குப் பின் இவரிடம் ஆண்டுக்கணக்கில் வாடகை கொடுத்து வந்திருக்கிறீர்கள். யாரை உரிமையாளராக ஏற்று உள்ளே வந்தோமோ, அவருடைய உரிமையை உள்ளே இருந்துகொண்டே மறுக்க முடியாது என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. இப்போதுள்ள பாரதிய சாட்சிய அதிநியத்திலும் அது அப்படியே தொடர்கிறது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மட்டும் வெளியேற்ற வழக்கு தொடரலாம் என்று 1976-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்ற வாரிசுகள் உங்களிடம் வாடகை கேட்டு எழுதியிருந்தால் மட்டுமே இதைப் பற்றிப் பேச இடமிருக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

நோட்டீஸில் பதினைந்து நாள் அவகாசம் சரியாகக் கொடுக்கப்படவில்லை என்று ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறீர்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற தனபால் செட்டியார் வழக்கில், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின் கீழ் வெளியேற்றம் கேட்க அந்த நோட்டீஸ் தேவையே இல்லை என்று 1979-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இந்த நுணுக்கத்தை நம்பி நாட்களைச் செலவழிக்க வேண்டாம்.

தங்கையின் பெயரில் மனு போடும் யோசனை எல்லாவற்றிலும் ஆபத்தானது. கடையை வேறொருவர் நடத்துகிறார் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், வீட்டுக்காரரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் இடத்தைக் கைமாற்றிவிட்டீர்கள் என்ற இன்னொரு வெளியேற்றக் காரணத்தை அவர் கையில் நீங்களே கொடுத்ததாகும். உங்கள் தங்கையையும் பொய் வழக்கில் சிக்கவைப்பீர்கள்.

முன்சீப் நீதிமன்ற வழக்கை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அது முக்கியம். ‘வாடகை பாக்கியில்லை’ என்று அங்கே எழுதியிருக்கிறீர்கள். இங்கே ‘வாங்க மறுத்தார், கட்டிவைக்கிறேன்’ என்று எழுதப்போகிறீர்கள். எதிர்த்தரப்பு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் முன், நீங்களே அந்த வழக்கைப் பற்றி நீக்கல் மனுவில் சொல்லிவிடுங்கள். முன்பு கொடுத்த கூற்று எப்படி எழுதப்பட்டது, இப்போது சொல்வது எது என்று விளக்கிவிட்டு, வாடகை நீதிமன்றத்தில் தடையாணை கிடைத்ததும் அந்த வழக்கைத் திரும்பப் பெறுவது பற்றி உங்கள் வழக்கறிஞரோடு பேசுங்கள். மறைத்துப் பெற்ற உத்தரவு என்ற குற்றச்சாட்டு வருமுன் விலகிக்கொள்வது உங்கள் மற்ற வழக்குக்கும் நல்லது.

வழக்கின் உள்ளடக்கம் எவ்வளவு தாங்கும்?

இங்கே உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு காரணங்களைக் காட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்: ஒன்று பாக்கி, மற்றொன்று, புதிய சட்டப்படி எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பது. பாக்கிக்கு நீங்கள் பதில் சொல்லலாம். வாங்க மறுத்ததற்கு ஆதாரமாகக் கைபேசிச் செய்திகள், முந்தைய மாதங்களில் அவர் வாங்கியதைப் பார்த்தவர்கள், வங்கியிலிருந்து மாதாமாதம் நீங்கள் பணம் எடுத்த பதிவு போன்றவை உதவும். இரண்டாவது காரணம் கடினமானது. சட்டம் வருவதற்கு முன்பே இருந்த வாடகை உறவுகளில், அது நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 575 நாட்களுக்குள் எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று கெடு நீட்டிக்கப்பட்டது; அதுவும் 2020 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. அப்படி ஒப்பந்தம் செய்யப்படாததையே 21(2)-ஆம் பிரிவு வெளியேற்றத்துக்கான முதல் காரணமாக வைத்திருக்கிறது. ஒப்பந்தத்துக்கு வராதது வீட்டுக்காரரின் குறை என்ற வாதம் எளிதில் எடுபடுவதில்லை. 2016-இல் முத்திரைத்தாளில் எழுதிய பதினொரு மாதத் தாளும் காலாவதியான, பதிவாகாத தாள் என்பதால் உங்களைக் காப்பாற்றாது.

எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு இந்தக் கெடு இருந்ததே தெரியாது என்பது எனக்கு மனவேதனை தரும் விஷயம். ஆயினும் சட்டம் இப்போது இருக்கும் நிலையில், உத்தரவு நீக்கப்பட்டு மறுபடி விசாரணை நடந்தாலும், அந்த வீட்டில் நிரந்தரமாக இருக்கும் உரிமை உங்களுக்குக் கிடைக்கும் என்று என்னால் நம்பிக்கை தர முடியாது. கிடைக்கக்கூடியவை வேறு: உங்கள் தரப்பு கேட்கப்படுவது, பாக்கி வைத்தவர் என்ற பெயர் நீங்குவது, முன்பணம் முழுதாகத் திரும்புவது, கடையை வேறிடத்தில் நிலைப்படுத்தும்வரை நியாயமான அவகாசம். அவற்றைப் பெற உங்கள் கை வலுவாக இருக்க வேண்டும். பணம் கட்டப்பட்டு, உத்தரவு நீக்கப்பட்டு, உண்மையான பதிலுரை கோப்பில் இருக்கும் நிலையில்தான் எதிர்த்தரப்பு உங்களோடு பேச வரும்.

பேச்சுக்கு மக்கள் நீதிமன்றம் நல்ல இடம். ஆனால் அங்கே போடப்படும் தீர்வு இறுதியானது, அதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. ஆகவே ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். காலி செய்யும் தேதி, அதுவரையான வாடகை, முன்பணம் திரும்பும் தேதி, அதில் கழிக்கப்படும் தொகை எவ்வளவு, ஏன் என்பது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். சாவி கொடுப்பதும் முன்பணம் பெறுவதும் ஒரே நாளில் நடப்பதாக எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கொடுக்கும் உறுதிமொழியை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு ஆகும் என்பதால், உங்களால் முடியாத தேதியை யாருடைய வற்புறுத்தலுக்காகவும் ஏற்காதீர்கள். சட்டத்தில் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்ற வரம்பு சொல்லப்பட்டிருந்தாலும், நீங்கள் கொடுத்தது அதைவிட அதிகம் என்பதால் திரும்பிவரும் தொகை குறையாது. கொடுத்த முழுத் தொகைக்கும் ஆதாரத்தைத் தேடி எடுத்து வையுங்கள்.

இதற்கிடையே மின்சாரத்தையோ தண்ணீரையோ வீட்டுக்காரர் துண்டித்தால், அதைத் தடுக்க வாடகை அதிகாரியிடம் உடனே மனு கொடுக்கலாம். நீதிமன்ற நடைமுறையின்றிப் பூட்டை உடைத்து உங்களை வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின் கீழ் உடைமையைத் திரும்பக் கேட்கும் வழியும் உண்டு. ஆனால் அமீனா நீதிமன்ற உத்தரவோடு வந்தால் அவரைத் தடுக்காதீர்கள், கதவை உள்ளிருந்து பூட்டாதீர்கள். அப்போது உங்களுக்கு எதிராக இன்னொரு வழக்கு மட்டும்தான் பிறக்கும்.

பெண் என்ற காரணத்தாலேயே, வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லாமல், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நாளையே செல்லுங்கள். கையில் நிறைவேற்று மனுவின் நோட்டீஸ், அமீனா தந்த தாள்கள், முன்சீப் வழக்கின் நகலும் இடைக்கால உத்தரவும், 2016-ஆம் ஆண்டு ஒப்பந்தம், கணவரின் இறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், வீட்டுக்காரர் மகனோடு நடந்த கைபேசிச் செய்திகளின் அச்சுப்படி ஆகியவை இருக்கட்டும். இனிமேல் ஒவ்வொரு வாய்தாத் தேதியையும் இடைத்தரகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 எழுத்து அடையாள எண்ணைப் போட்டு நீங்களோ உங்கள் மகனோ பார்த்துக்கொள்ளுங்கள்; நோட்டீஸின் மேற்புறத்திலோ நகலிலோ அந்த எண் இல்லையென்றால், மனு எண்ணையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம்.